சுடுகாட்டுப் பூவில் ஓர் உயிர் மருந்து

லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல்களில் அது நிற்கிறது. பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரிக் கோயிலுக்குப் போகும் வழியில் வீட்டுத் தொட்டிகளில் நிற்கிறது. மாரேட்பள்ளியில் காம்பவுண்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறது. ஐந்தே இதழ், இளஞ்சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சாமி படத்துக்குச் சிலர் பறிப்பார்கள். தலையில் வைப்பவர் இல்லை. ஆடு மாடுகூட வாய் வைக்காது.

தெலுங்கர்கள் இதைப் ‘பில்ல கன்னேரு’ என்கிறார்கள். சார்மினார் பக்கம் உருது பேசுகிறவர்களுக்கு இது ‘சதாபஹார்’. எந்நாளும் வசந்தம் என்று பொருள். நம்மவர் வைத்த நல்ல பெயர் நித்தியகல்யாணி. ஆனால் ஊர்ப் பக்கம் பாட்டிமாரைக் கேட்டால் ‘சுடுகாட்டுப் பூ’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். கல்லறை ஓரங்களில் கேட்பாரற்று வளர்வதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் மருந்துகளில் முக்கியமான ஒன்று இந்தச் செடியின் இலையிலிருந்துதான் வருகிறது. மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். அதன் உடன்பிறப்பு வின்பிளாஸ்டின், நிணநீர்க் கட்டிப் புற்று முதலியவற்றுக்குப் பயன்படுகிறது. ஹைதராபாத் ரெட்ஹில்ஸில் இருக்கும் எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனை வராந்தாவில் பிள்ளையை மடியில் வைத்துக் காத்திருக்கும் பெற்றோர்களில் பலர் இந்தப் பெயரை டாக்டர் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். தங்கள் வாசலில் பூத்திருப்பதுதான் அது என்று அறிந்தவர்கள் குறைவு.

இரண்டு கிலோ இலைக்கு ஒரு மில்லிகிராம்

வின்கிரிஸ்டின் ஊசி மருந்து 1 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. ஒரு மில்லிகிராம் என்றால் சமையல் உப்பில் சில கல் எடைதான். நோய் கண்ட முதல் மாதத்தில் வாரத்துக்கு ஒரு முறை இதைச் சிரை வழியாக ஏற்றுவது உலகெங்கும் வழக்கம். நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு தடவைக்குச் சுமார் 1 மில்லிகிராம் ஆகும்.

இலையிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்தால் 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். 1 கிராம் வின்கிரிஸ்டினுக்கு வேண்டியது 2,000 கிலோ! அதாவது ஒரு குப்பிக்கு 2 கிலோ சருகு. முதல் மாதத்து நாலு ஊசிக்கு 8 கிலோ. ஒரு லாரி நிறைய இலை வந்து இறங்கினாலும் கடைசியில் கிடைப்பது ஒரு சிட்டிகை.

செடி ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி விஞ்ஞானிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். விடையின் கடைசித் துண்டுகள் 2018 இல்தான் கைக்கு வந்தன.

கசப்பின் குடும்பம்

இந்த இரு மருந்துகளும் ஆல்கலாய்டு என்ற வகையைச் சேர்ந்தவை. நைட்ரஜன் கலந்த, பெரும்பாலும் கசப்பான பொருள்கள் இவை. இரானி ஓட்டல் சாயில் இருக்கும் காஃபின் ஓர் ஆல்கலாய்டு. பீடியில் உள்ள நிகோடின் இன்னொன்று. எட்டிக்காயில் உள்ள ஸ்டிரிக்னின் என்ற கொடும் விஷமும், சர்ப்பகந்தி வேரில் இருக்கும் இரத்த அழுத்த மருந்தான ரெசர்பினும் இந்த வகைதான்.

மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னாவும் அப்படியே. இந்த ஊருக்கும் அதற்கும் ஒரு பந்தம் உண்டு. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத் பேகம்பேட்டையில்தான் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902 இல் நோபல் பரிசு பெற்றார். கிருமியைக் கண்டது இங்கே. அதை அடக்கிய கொய்னாவுக்கு மரப்பட்டை உரித்தது நம் நீலகிரியில். நடுவட்டத்தில் அரசாங்கக் கொய்னா ஆலையே இருந்தது.

செடி இவற்றை நமக்காகச் செய்வதில்லை. அதற்குக் கால் இல்லை; புழு வந்தால் ஓட முடியாது. ஆகவே தன் உடம்பையே கசப்பாக்கிக் கொள்கிறது. செய்து கொடுக்கும் வேலையாட்கள்தான் என்சைம்கள். நொதிகள் என்று பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். இவை புரதங்கள். ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றிவிட்டுத் தாம் மாறாமல் அடுத்ததைப் பிடித்துக் கொள்பவை. வெறும் சோற்றைச் சற்று நேரம் மென்றால் இனிக்கிறதே, அது உமிழ்நீரில் உள்ள ஓர் என்சைமின் வேலை.

இலைக்குள் ஒர்க்‌ஷாப்

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பழுது பார்க்க ஒரு பெட்டி உள்ளே வந்தால் சக்கரத்துக்கு ஒரு கோஷ்டி, பிரேக்குக்கு ஒரு கோஷ்டி, பெயின்டுக்கு ஒரு கோஷ்டி. சக்கரக்காரர் பெயின்டு பிரஷ்ஷைத் தொட மாட்டார். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் கை வைக்க முடியும். நித்தியகல்யாணி இலையிலும் இதே ஏற்பாடுதான். ஓர் என்சைமுக்கு ஒரே ஒரு வேலை. அப்படி முப்பதுக்கு மேற்பட்ட என்சைம்கள் வரிசையில் நின்றால்தான் வின்பிளாஸ்டின் வெளியே வரும்.

வேலை இரண்டு தண்டவாளங்களில் தொடங்குகிறது.

முதல் தண்டவாளம் குட்டை. பாலிலும் பருப்பிலும் உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை ஓர் என்சைம் பிடித்து, அதிலிருந்து கரியமில வாயுவாக ஒரு துண்டை நறுக்கி விடுகிறது. மிஞ்சுவது டிரிப்டமின். அவ்வளவுதான், ஒரே படி.

இரண்டாவது நீளமானது. ரோஜாவில் மணக்கும் ஜெரானியால் என்ற எண்ணெய்ப் பொருளில் தொடங்குகிறது. ஒரு என்சைம் அதில் ஆக்சிஜனைச் சேர்க்கும். அடுத்தது அதை வளைத்து வளையமாக்கும். இன்னொன்று ஒரு சர்க்கரையைக் கொண்டு வந்து மாட்டும். இப்படி எட்டுப் படி தாண்டியதும் செக்கலோகனின் என்ற கசப்புப் பொருள் பிறக்கிறது. வாசனையில் தொடங்கிக் கசப்பில் முடிகிறது!

இதில் வியப்பு என்னவென்றால், இந்த எட்டுப் படியும் ஒரே அறையில் நடப்பதில்லை. முதல் பகுதி இலை நரம்பை ஒட்டிய உள் செல்களில் நடக்கிறது. அரைகுறையான சரக்கு அங்கிருந்து நகர்ந்து இலையின் மேல் தோல் செல்களுக்கு வருகிறது. கடைசி இரண்டு படி அங்கேதான்.

தோல் செல்களுக்குள் இரண்டு தண்டவாளங்களும் சேருகின்றன. சேர்த்து வைக்கும் என்சைமின் பெயர் ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ். டிரிப்டமினையும் செக்கலோகனினையும் பிடித்து ஒட்டி, ஸ்ட்ரிக்டோசிடின் என்ற ஒரே பொருளாக்குகிறது. 1977 இல் ஜெர்மனியில் ஸ்டாக்கிக்ட், சென்க் என்ற இருவர் இந்தச் சந்திப்பின் முக்கியத்துவத்தை நிலைநாட்டினார்கள்.

இதை ஒரு ரயில் ஜங்ஷன் என்றே சொல்லலாம். சுமார் 3,000 ஆல்கலாய்டுகள் இந்த ஒரே இடத்திலிருந்து கிளை பிரிகின்றன. சின்கோனா மரத்தில் ஒரு பாதை கொய்னாவுக்குப் போகிறது. எட்டி மரத்தில் இன்னொன்று ஸ்டிரிக்னினுக்கு. சர்ப்பகந்தியில் ரெசர்பினுக்கு. உயிர் காப்பதும் உயிர் எடுப்பதும் ஒரே ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிற வண்டிகள்தான். தண்டவாளத்தை மாற்றி விடுகிற என்சைம்கள்தான் வேறு.

இலைக்குள் ஒரு வெடிகுண்டு

ஸ்ட்ரிக்டோசிடின் செய்து முடித்ததும் செடி அதைச் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் பூட்டி வைக்கிறது. அதன் சர்க்கரையைக் கழற்றி முடுக்கிவிடும் என்சைமோ வேறிடத்தில், செல்லின் உட்கருவுக்குள் காத்திருக்கிறது. புழு வந்து இலையைக் கடித்தால் நீர்ப்பையும் உடைகிறது, உட்கருவும் உடைகிறது. இரண்டும் ஒன்று சேர்கின்றன. கண நேரத்தில் பிறக்கும் பொருள், எதிரில் அகப்படும் புரதங்களை எல்லாம் ஒன்றோடொன்று பின்னி முடக்கிவிடுகிறது. மருந்தையும் திரியையும் தனித்தனியே வைத்திருக்கும் பட்டாசுக்காரரின் ஜாக்கிரதை செடிக்கும் இருக்கிறது.

சாதாரணக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை கழற்றப்பட்டு வேலை மேலே தொடர்கிறது. பல படிகள் கடந்ததும் பாதை மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் கேதரான்தின் என்ற பொருள். மறுபக்கம் டேபர்சோனின். டேபர்சோனின் மேலும் ஏழு என்சைம்கள் கையில் மாறி விண்டோலின் ஆகிறது. கேதரான்தினும் விண்டோலினும் ஒட்டினால் வின்பிளாஸ்டின். வின்பிளாஸ்டினில் ஒரே ஒரு மூலையில் இரண்டு ஹைட்ரஜன் போய் ஓர் ஆக்சிஜன் வந்தால் வின்கிரிஸ்டின்.

கஞ்சத்தனத்தின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. செடி இந்த இரு பாதிகளையும் சந்திக்க விடுவதில்லை! கேதரான்தினைத் தயாரித்த உடனே இலையின் மேல் பரப்பில் உள்ள மெழுகுப் படலத்துக்குத் தள்ளிவிடுகிறது. பூஞ்சணமும் பூச்சியும் முதலில் கால் வைக்கிற இடம் அது. இதை 2010 இல் கனடா விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். விண்டோலினோ இலையின் உள்ளே தனிப்பட்ட சில செல்களில் சேர்கிறது. ஒன்று மாடியில், ஒன்று பாதாள அறையில். இரண்டையும் ஒட்டக்கூடிய பெராக்சிடேஸ் என்ற என்சைம் இலையில் இருந்தும், சரக்கு ஒரே இடத்துக்கு வந்தால்தானே ஒட்டும்? ஆகவே இலையில் இரு பாதிகளும் தாராளம். முழு மருந்து மட்டும் தரித்திரம்.

வேரில் நிலைமை இன்னும் வேறு. அங்கே விண்டோலின் உண்டாவதே இல்லை. அதனால் வேரில் இந்த மருந்தைத் தேடிப் பயனில்லை. ஆனால் வேரில் அஜ்மலிசின் என்ற வேறோர் ஆல்கலாய்டு உண்டு. இரத்த ஓட்டத்துக்கான மருந்தாகப் பயன்பட்டது. செடியின் செல்களை மட்டும் பிரித்துத் தொட்டியில் வளர்த்து மருந்து எடுக்கலாம் என்று பல நாடுகளில் முயன்றவர்களும் இந்த விண்டோலினிடம்தான் தோற்றார்கள். தனிச் செல்கள் அதைச் செய்வதில்லை. முழு இலை வேண்டும், வெளிச்சம் வேண்டும்.

உறையில் வந்த இருபத்தைந்து இலை

இந்த மருந்து வேறு எதையோ தேடியபோது அகப்பட்டது. செடி பிறந்த மண் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகளுக்கெல்லாம் பரவியது. பல நாடுகளில் இதன் இலையைக் காய்ச்சி நீரிழிவுக்குக் குடித்து வந்தார்கள். 1952 இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி உறையில் 25 இலைகளை அனுப்பி வைத்தார். சர்க்கரை வியாதிக்கு அங்கே இதைத்தான் குடிக்கிறார்கள் என்று தகவல். இந்தக் கிளார்க் நோபிள், 1921 இல் இன்சுலின் ஆராய்ச்சிக்கு உதவியாளராக யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டிப் பார்த்ததில் சார்லஸ் பெஸ்ட்டிடம் தோற்றவர் என்று சொல்வார்கள். அதிர்ஷ்டம் இரண்டாவது முறை தபாலில் வந்தது. அவர் இலைகளைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார்.

ராபர்ட்டின் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாய் வழியாகக் கொடுத்ததில் சர்க்கரை துளியும் குறையவில்லை. ஊசியாகப் போட்டால் எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. வேறு யாராவது இருந்தால் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். ராபர்ட் நோபிள் இரத்தத்தைப் பரிசோதித்தார். வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அவரும் சார்லஸ் பியர் என்ற கெமிஸ்டும் சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958 இல் அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் லில்லி கம்பெனியில் கோர்டன் ஸ்வோபோடா என்பவரும் தனி வழியில் இதே செடிக்கு வந்து சேர்ந்தார். வின்கிரிஸ்டின் அவர் தரப்பில் கிடைத்தது. 1963 இல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது.

மருந்து உடம்புக்குள் செய்யும் வேலை இதுதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் கயிறு போல் உருவாகி மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும. அந்தக் கயிறு திரிக்கும் புரதத்தை வின்கிரிஸ்டின் பிடித்துக் கொள்கிறது. கயிறு இல்லை, பங்கீடு இல்லை. செல் பாதி வழியில் நின்று மடிகிறது. வேகமாகப் பிரியும் புற்றணுக்கள் அதிகம் அடிபடுகின்றன. கை கால் நரம்புகளுக்குள்ளும் இதே இழைகள் இருப்பதால்தான் ஊசி போட்ட குழந்தைகளுக்குச் சில சமயம் கால் மதமதப்பு, நடை தளர்வு, மலச்சிக்கல் வருகின்றன. டாக்டரிடம் உடனே சொன்னால் அளவைக் குறைத்துச் சரிக்கட்டுவார்கள். இந்த மருந்து சிரையில் மட்டுமே போக வேண்டும். முதுகுத் தண்டில் தவறிச் செலுத்தினால் உயிர் போய்விடும். 2007 இல் உலக சுகாதார நிறுவனமே இதுபற்றி எச்சரிக்கை விட்டது.

பாதியில் ஊருக்குப் போகிறவர்கள்

பிழைக்க வந்த குடும்பங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளின் இரத்தத்தில் நோய் அடையாளம் மறைந்துவிடும். காய்ச்சல் போய்விடும். பிள்ளை ஓடி விளையாடும். ‘சரியாகிவிட்டது, சம்பளமும் போகிறது’ என்று பெற்றோர் ரயில் ஏறிவிடுகிறார்கள். ஆனால் வின்கிரிஸ்டின் கொல்வது பிரிந்து கொண்டிருக்கும் செல்லைத்தான். தூங்கும் செல் தப்பித்து விடுகிறது. அது விழிக்கும்போது அடிக்க மருந்து உடம்பில் இருக்க வேண்டும். அதனால்தான் இந்தச் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் ஓடுகிறது. கூடவே வேறு மருந்துகளும் உண்டு. அவற்றில் ஒன்றான அஸ்பராஜினேஸ், பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஓர் என்சைம்! என்சைம் செய்த மருந்தும் என்சைமே மருந்தாவதும் ஒரே ஊசித் தட்டில்.

1950களில் இந்த நோய் கண்ட குழந்தை சில மாதங்களில் இறந்துவிடும். இன்று பணக்கார நாடுகளில் பத்தில் ஒன்பது பிழைக்கிறது. இந்தியாவில் அந்த அளவு இல்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணம் பாதியில் நிறுத்துவதுதான் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இங்கே கொடுத்த மருந்து விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, 1954 முதல் இயங்கும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இங்கேயே இருப்பவர்கள் தெலங்கானா ரேஷன் அட்டை இருந்தால் ஆரோக்யஸ்ரீ திட்டத்தைப் பற்றி மருத்துவமனைக் கவுன்டரில் விசாரிப்பது நல்லது.

இன்னொன்று. ‘வாசலிலேயே மருந்து இருக்கிறதே, அரைத்துக் குடித்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரைக்காக விடியற்காலையில் ஐந்து பூ மெல்லுகிறவர்களும் உண்டு. இலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. புற்றுக்கு வேண்டிய மருந்து ஒரு பிடி இலையில் இல்லை. வாய் வழியாகப் போனால் அது உடம்பில் சரியாகச் சேர்வதும் இல்லை. வெள்ளை அணுவும் நரம்பும் கெடுவதற்கான சரக்கு மட்டும் இருக்கிறது.

தூத்துக்குடி சருகும் பூனா ஆய்வுக்கூடமும்

ஆண்டுக் கணக்காக வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு இந்த இலை போனது பெரும்பாலும் நம் தென் மாவட்டங்களிலிருந்து. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் இது ஒரு பயிர். ஆடு மாடு மேயாது, வேலி வேண்டாம். ஆறாம் மாதம் ஒரு முறை, ஒன்பதாம் மாதம் ஒரு முறை இலை உருவுவார்கள். பன்னிரண்டாம் மாதம் வேரோடு பிடுங்கி வேரையும் விற்பார்கள். லக்னோவில் தலைமையிடம் கொண்ட மத்திய மருந்து, வாசனைத் தாவர ஆராய்ச்சி நிலையம் ‘நிர்மல்’, ‘தவல்’ என்ற வெள்ளைப் பூ ரகங்களை வெளியிட்டது. அந்த நிலையத்தின் கிளை ஒன்று ஹைதராபாத் போடுப்பலில் இருக்கிறது.

இலை நம்முடையது, மருந்து வெளிநாட்டு விலையில் என்ற நிலை பல காலம் இருந்தது. 1984 இல் அது மாறியது. பூனா தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்துடன் சேர்ந்து சிப்லா கம்பெனி வின்பிளாஸ்டினையும் வின்கிரிஸ்டினையும் இங்கேயே தயாரித்தது. அந்த வேலையில் முன்நின்றவர் குண்டூர்க்காரரான ஏ.வி. ராமாராவ். பூனாவில் அவருக்கு ஆராய்ச்சி குருவாக இருந்தவர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன். அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநர் அவர். ராமாராவ் 1985 இல் ஹைதராபாத்துக்கு வந்து தார்நாகாவில் உள்ள ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநரானார். 1989 இல் அதற்கு இந்திய ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் என்று பெயர் மாறியது. உப்பல் பஸ்ஸில் தினம் அந்த வாசலைத் தாண்டிப் போகும் நம்மவர் எத்தனையோ பேர்.

செடி பிரித்து வைத்த இரு பாதிகளையும் கெமிஸ்டுகள் குடுவையில் ஒட்டக் கற்றுக் கொண்டார்கள். இலையில் தாராளமாக இருக்கும் கேதரான்தினையும் விண்டோலினையும் தனித்தனியே எடுத்து இணைத்தால், வேண்டிய இலை வெகுவாகக் குறைகிறது. வின்பிளாஸ்டினை ஆக்சிஜன் ஏற்றி வின்கிரிஸ்டினாக மாற்றவும் முடிகிறது. ஆனாலும் பாதிகள் வருவது வயலிலிருந்துதான். மழை பொய்த்தால், வியாபாரி விலையைக் குறைத்தால், விவசாயி வேறு பயிருக்குப் போனால் சங்கிலி ஆடிப்போகும். இலை போதாது என்பது மட்டும்தான் கவலை என்றும் இல்லை. 2019 இல் அமெரிக்காவில் இந்த மருந்தை விற்ற இரண்டு கம்பெனிகளில் ஒன்று விலகிக்கொண்டது. சில மாதங்களில் அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிகளே குப்பிகளை எண்ணி எண்ணிக் கொடுத்தன. லாபம் குறைந்த பழைய மருந்துக்கு வருகிற கதி அது.

ஈஸ்டுக்குள் குடியேறிய இலை

செடியிடம் கெஞ்சாமல் அதன் என்சைம்களையே வேறொரு உயிருக்குள் குடியமர்த்தினால்? அதற்கு வரிசையில் உள்ள அத்தனை என்சைமும் தெரிந்தாக வேண்டும். நடுவில் சில ஆட்கள் யாரென்றே தெரியாமல் இருந்தது. 2018 இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் சாரா ஓ’கானர் குழுவினர் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். பாதை கேதரான்தின், டேபர்சோனின் என்று பிரிகிற இடத்தில் நிற்கும் என்சைம்களைப் பிடித்துவிட்டார்கள்.

நாலு வருஷம் கழித்து, 2022 இல், ஜே கீஸ்லிங் குழுவினர் ரொட்டிக்கடை ஈஸ்டை எடுத்துக்கொண்டார்கள். முப்பதுக்கு மேற்பட்ட வேற்று மரபணுக்களை அதில் புகுத்தினார்கள். ஈஸ்டின் சொந்த மரபணுக்களிலும் ஏராளமான மாற்றங்கள். இலை, தோல், நரம்பு என்று எந்த அறையும் இல்லாத ஒற்றைச் செல் உயிர் சர்க்கரையைத் தின்று விண்டோலினும் கேதரான்தினும் தந்தது. பிறகு இரண்டையும் குடுவையில் ஒட்டி வின்பிளாஸ்டின் ஆக்கினார்கள்.

இது ஆலைக்கு வந்துவிட்டால் மானாவாரி விவசாயியின் கதி என்ன? நீலகிரியில் சின்கோனா இருந்த சரிவுகளில் இன்று தேயிலை நிற்கிறது. செயற்கை மலேரியா மருந்துகள் வந்த பின் மரப்பட்டையைத் தேடுவோர் குறைந்தார்கள். அதே போல் சருகு மூட்டைக்கும் ஒரு நாள் வரலாம். அந்த நாள் இன்னும் வரவில்லை. 2022 இல் ஈஸ்டு கொடுத்தது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் வேண்டும். ரெட்ஹில்ஸில் இந்த வாரம் ஏற்றும் ஊசி எங்கோ ஒரு மானாவாரிக் காட்டில் உருவிய இலையில்தான் இன்றும் தொடங்குகிறது.